தூளை அமுக்கி வைத்த காலை

ஒன்பது நாட்களாக நைனா என்னோடு பேசவில்லை. என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்களுக்கு, அவரைக் கேட்காமல் நானே போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதுதான் காரணம்.

அம்மா போய் நான்கு வருடம் ஆகிறது. திருத்தணியில், மலைக்குப் போகும் ரோட்டை ஒட்டிய வீட்டில் அப்பாவும் மகளுமாக நாங்கள் இரண்டே பேர். நான் உள்ளறையில் லேப்டாப்பில் கம்பெனி வேலை பார்ப்பேன். அவர் விடிந்ததும் கே.ஜி.கண்டிகையில் இருக்கும் நிலத்துக்குப் போய்விடுவார். சாப்பாட்டில் 'போதும்' என்பதைக்கூட அந்த ஒன்பது நாளும் கையால்தான் காட்டினார்.

காபியிலும் இரண்டு கட்சி. அவருக்கு ஃபில்டர். எனக்கு மோக்கா பாட், சென்னை ஹாஸ்டலில் இருந்தபோது வாங்கியது. கீழ்ப்பாகத்தில் தண்ணீர், நடுவில் தூள். அடுப்பில் வைத்தால் நீராவி தண்ணீரைத் தூள் வழியாகத் தள்ளி மேல் பாத்திரத்துக்கு ஏற்றும். ஆவி மிஞ்சினால் கீழ்ப்பாகத்தின் பக்கவாட்டில் இருக்கும் சின்ன வால்வு அதை வெளியே விடும்.

பத்தாம் நாள் காலை குளித்துக்கொண்டிருந்தேன். சமையலறையில் ஏதோ சீறியது. குக்கர் என்று நினைத்தேன். குக்கரே வைக்கவில்லை என்பது அடுத்த நொடி உறைத்தது. ஈரத்தலையோடு நைட்டியை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

பர்னர் முழுசாக எரிந்துகொண்டிருந்தது. நைனா மோக்கா பாட்டின் மூடியைத் திறந்து, முகத்தை உள்ளே விடாத குறையாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பாகமும் சேரும் இடத்தில் நீராவி ஊசிபோலப் பீய்ச்சியது. அதைக் கழிக்க வேண்டிய வால்வில் ஒரு பொட்டு ஆவிகூட இல்லை.

"நைனா, மூஞ்ச எடு! தள்ளு!"

"டிகாஷனே வர மாட்டேங்குதும்மா..."

சட்டையைப் பிடித்து இழுத்தேன். எட்டி கேஸை அணைத்துவிட்டு அவரைக் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன். சுவருக்கு இந்தப்பக்கம் இருவரும் நின்றோம். சீறல் நிற்கவில்லை.

"என்னா தூள் போட்ட?"

"நம்ம சிக்கரித் தூள்தான். ஃபில்டர்ல போடற மாதிரி நல்லா அமுக்கி வச்சேன்."

"தண்ணி?"

"கழுத்து வரிக்கும்." சீறல் வந்த பக்கம் பார்த்தார். "வெடிச்சிருக்குமா?"

"ஆங்."

முகத்தைத் துடைத்துக்கொண்டே, "உனுக்குப் போட்டுக் குடுத்துட்டு பேசலாம்னு இருந்தேன்," என்றார். பிறகு குரல் ஏறியது. "வேணாம்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னா ஒத்துக்குனு இருப்பியா?"

யோசித்தார். "மாட்டேன்."

சீறல் அடங்கி, பாத்திரம் நன்றாக ஆறிய பிறகுதான் கழற்றினேன். சிக்கரி ஊறி, தண்ணீர் ஏற வழியில்லாமல் தூள் செங்கல்போல இறுகியிருந்தது. வால்வுக்குள் போர்வெல் தண்ணீரின் உப்பு வெள்ளையாகப் படிந்து அடைத்திருந்தது. அதைச் சுத்தம் செய்யாமல் விட்டது நான். அதை அவரிடம் சொன்னேன்.

புது வால்வு வர ஒரு வாரம் ஆனது. வந்ததும் அவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு போட்டேன். வால்வுக்குக் கீழே தண்ணீர், சிக்கரி இல்லாத தூள் அமுக்காமல், சின்னத் தீ, களகளவென்று சத்தம் வந்ததும் அணைப்பு.

ஒரு வாய் குடித்தார். "கசக்குது," என்று பாலை ஊற்றிக்கொண்டார்.

கல்யாணப் பேச்சை அவர் விடவில்லை. அடுத்த மாதமே இன்னொரு ஜாதகம் வந்தது. அதை என் லேப்டாப் பக்கத்தில் வைத்துவிட்டு, "பாத்துட்டு நீயே சொல்லு," என்று வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.