நைனா போட்ட ஊசி

பதினைந்து வயதுப் பிள்ளையிடம், 'தினமும் நாலு தடவை விரலைக் குத்திச் சர்க்கரை பார், ரெண்டு தடவை ஊசி போட்டுக்கொள்' என்று சொல்லிவிட்டு, அது கேட்கும் என்று நம்புவதற்குப் பெயர்தான் என் உத்தியோகம். வீட்டில் அந்த வயதில் ஒன்று வைத்திருப்பவர்களுக்கு நான் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. நீங்களும் நம்ம கட்சிதான்.

சித்தூரிலிருந்து தினமும் காலை பஸ் பிடித்துத் திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். உடம்பில் இன்சுலின் சுரக்காத பிள்ளைகளுக்கு அங்கே வகுப்பு. ஜன்னலோரம் சீட் கிடைத்துவிட்டால், மலை நீலமாகத் தெரிகிறவரை பாதித் தூக்கம்தான். யார் யார் முகமோ வந்து போகும். போன வருஷம் முழுக்க வந்தது பவானியின் முகம்.

யாரைத் திட்டும்?

பவானி தமிழ்நாட்டு எல்லையோரக் கிராமத்துப் பெண். அவள் நைனா, அதாவது அப்பா, பலமனேர் மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டி ஏற்றுகிறவர். நாலு வருஷமாக அவளுக்குக் காலை ஆறு மணிக்கும் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாலும் ஊசி போடுவது அவர்தான். பத்தாவது முடிந்தால் திருப்பதியில் ஹாஸ்டலோடு இன்டர், அதாவது ப்ளஸ் டூ, படிக்க அவளுக்கு சீட் தயார். ஆனால் 'ஊசியைத் தானே போட்டுக்கொள்ளும், சர்க்கரை இறங்கினால் தானே சமாளிக்கும்' என்று நைனா கையெழுத்துப் போட்டுத் தந்தால்தான் சேர்ப்பார்களாம்.

வகுப்பில் அவள் கையில் சிரிஞ்சைக் கொடுப்பேன். மனுஷன் பின்னாலிருந்து எட்டிப் பிடுங்கிக்கொள்வார். ஒருநாள் எனக்கு வந்ததே கோபம்! "இப்படியே கல்யாணத்தன்னிக்கும் மேடை ஏறி ஊசி போடுவீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. மெதுவாகச் சொன்னார்:

"வலிச்சா இப்போ என்னத் திட்டுது, திட்டட்டும். அதுவே போட்டுக்கினா யாரத் திட்டும் மேடம்?"

கால் மணி நேரம்

சர்க்கரை சட்டென்று இறங்கிவிடுவதை நாங்கள் 'லோ' என்போம். மூன்று ஸ்பூன் சர்க்கரை கரைத்துக் கொடுத்துவிட்டுக் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்தக் கால் மணியில் வேறு வேலை எதுவும் ஓடாது. பிள்ளையின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பேன். மின்விசிறி சுற்றும், ஜன்னலுக்கு வெளியே மலைமேல் மேகம் நகரும், வராந்தாவில் யாரோ தெலுங்கில் யாருக்கோ வழி சொல்வார்கள். என் தொழிலில் எனக்குப் பிடித்த நேரம் அது என்று சொன்னால் தப்பாக நினைக்காதீர்கள்.

ஒருநாள் வகுப்பு நடுவே பவானிக்கு லோ. நெற்றியெல்லாம் வியர்வை, கண் மட்டும் எங்கேயோ சொக்கிப் போயிருந்தது. சர்க்கரைத் தண்ணீரைக் குடிக்க வைத்து, "எப்படிடி இருக்கு?" என்றேன். சிரித்தாள். அந்தச் சிரிப்பும் அவள் சொன்ன பதிலும் எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கவிடவில்லை.

"மல கிட்ட வர்றாப்புல இருக்குது மேடம். நல்லாத்தானே இருக்குது, அத ஏன் நிறுத்தணும்?"

அழகான நோட்டு

சர்க்கரை அளவை எழுதும் நோட்டில் பவானியை மிஞ்ச ஆளில்லை. நூற்றுப் பத்து, நூற்றுப் பதினைந்து, நூற்றுப் பன்னிரண்டு. முத்து முத்தான எழுத்து. டாக்டரே எல்லோருக்கும் காட்டிப் பாராட்டினார். எனக்குத்தான் இடித்தது. அவளுடைய அளக்கும் மெஷின் பழுதாகி ஒரு வாரம் என் மேஜையில் கிடந்தது. அந்த வாரத்துக்கும் நோட்டில் நம்பர் இருந்தது!

கூப்பிட்டு வைத்துக் காய்ச்சலாம் என்று மனசுக்குள் வசனமெல்லாம் தயார் செய்திருந்தேன். அவள் தலையைக்கூடக் குனியவில்லை.

"நல்ல நம்பர் எழுதினாத்தான் நைனா தூங்குது மேடம்."

மலைப்படியில்

பவானி பத்தாவது பாஸானால் திருப்பதி மலைக்கு நடந்து வருவதாக வீட்டில் வேண்டுதல். பாஸானாள்; அப்பாவும் மகளும் கிளம்பினார்கள். சாமி பார்க்கும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். ஊசியை ஒருநாளும் விடக்கூடாது என்பது என் கட்டளை. நைனா ரெண்டையும் மீறவில்லை. விடிந்ததும் ஊசியைப் போட்டார், வெறும் வயிற்றோடு ஏற வைத்தார். ஊசி போட்டால் சாப்பிட வேண்டும் என்று தெரியாதவரா? தெரியும். சாமிக்காகப் பட்டினி கிடந்தால் சாமி பார்த்துக்கொள்ளும் என்று நினைத்துவிட்டார். விரத நாளில் என்ன செய்வீர்கள் என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

பாதி மலையில் பவானியின் கண்ணுக்குப் படிகளில் இருந்த மஞ்சளும் குங்குமமும் ஒவ்வொன்றாக எழுந்து மிதந்தனவாம். கோவிந்தா சத்தம் எங்கோ தூரத்தில் தாலாட்டு மாதிரி கேட்டதாம். கண் செருகி ஆடிக்கொண்டு நின்ற பெண்ணைப் பார்த்துப் பின்னால் வந்த அம்மாள், 'அம்மவாரு வந்துட்டாங்க, அம்மனே வந்துட்டா!' என்று கத்தியிருக்கிறாள். ஒருவர் கற்பூரம் ஏற்றினார். ஒருத்தி காலில் விழுந்து மகளுக்கு எப்போது வரன் அமையும் என்று குறி கேட்டாள். கூட்டத்தோடு நைனாவும் கண்ணீர் வழியக் கைகூப்பி நின்றார்.

"சொகமாத்தான் இருந்திச்சு மேடம், அப்டியே போயிடலாம்போல. நைனா என்னக் கும்புடறதப் பாத்தேன். திக்குன்னு ஆயிடுச்சு," என்றாள் பவானி, அடுத்த வகுப்பில். அப்படியே படியில் உட்கார்ந்து, இடுப்புப் பையில் நாங்கள் கொடுத்து வைத்திருந்த குளுக்கோஸ் பாக்கெட்டைப் பல்லால் கிழித்து வாயில் கொட்டிக்கொண்டிருக்கிறாள். 'அய்யோ, விரதம் போச்சே!' என்று அலறல். அவள் விரலைக் குத்தி நம்பர் பார்த்துவிட்டு, கைகூப்பியபடியே நின்ற அப்பாவிடம் சொன்னாளாம்:

"சாமியும் இல்ல, பூதமும் இல்ல நைனா, லோ. கால் மணி நேரம் உக்காரு, அப்பறம் இட்லி துன்னலாம்."

கையெழுத்து

காலை ஊசியையும் இட்லியையும் வகுப்புக்கே கொண்டு வந்திருந்தாள். அன்று எங்கள் முன்னாலேயே தன் தொடையில் தானே ஊசி போட்டுக்கொண்டாள். நைனா குறுக்கே வரவில்லை; சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். படிவத்தில் கையெழுத்துப் போட்டார். ஜூனில் அவளை ஹாஸ்டலில் விட்டுவிட்டும் போனார்.

ஒரு மாதம் கழித்துத் தனியாக வந்து நின்றார். "பவானிக்கு என்ன?" என்றேன். "அது ஜம்முனு இருக்குது," என்றார். சொல்லிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அப்போதுதான் வந்த காரணத்தைச் சொன்னார்:

"காலம்பற ஆறு மணிக்குத் தானா முழிப்பு வந்துடுது மேடம். எழுந்து சும்மா உக்காந்துக்கினு இருக்கறேன். என்னா பண்றது, நீங்களே சொல்லுங்க."

பிள்ளைகளுக்குச் சகலமும் சொல்லித் தருகிற எங்கள் பாடப்புத்தகத்தில், பெற்றவர்களின் ஆறு மணிக்கு மட்டும் இன்னும் யாரும் பாடம் எழுதவில்லை.