கம்பளிக் காலுறைக்கு ஒரு சென்டிமீட்டர்

என் மனைவி ஹில்க்காவின் கால் கட்டைவிரல் இருபது வருஷமாகப் பக்கத்து விரல் மேல் சாய்ந்துகொண்டே வந்தது, பேருந்தில் அடுத்தவர் தோளில் தூங்கி விழுகிற ஆளைப் போல. குவோப்பியோ என்கிற எங்கள் குளிர் ஊரில் வீடு வீடாகப் போய், முடியாதவர்களுக்கு மருந்து கொடுத்து, கட்டு மாற்றி, கஞ்சி காய்ச்சி வைப்பது அவள் வேலை. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு வீடு. எங்கள் பக்கம் பூட்ஸோடு யார் வீட்டுக்குள்ளும் நுழைய முடியாது. ஆகவே பன்னிரண்டு முறை கழற்றி, பன்னிரண்டு முறை மாட்டுவாள். பதின்மூன்றாவது முறை கழற்றுவது எங்கள் வாசலில். சுவரைப் பிடித்துக்கொண்டு "ஸ்ஸ்ஸ், ஐயோ" என்பாள். அது சமையலறையில் எனக்குக் கேட்கும். கேட்டதும் காப்பி போடுவேன். ஓய்வு பெற்றபின் என் ஒரே உத்தியோகம் அது.

அக்டோபரில் டாக்டர் கெடு வைத்துவிட்டார். விரல் விரிந்து படுக்கிற மாதிரி அகலமான பூட்ஸ் போட்டுப் பார்க்க வேண்டும். டிசம்பர் ஐந்துக்குள் வலி குறையாவிட்டால் ஆபரேஷன், மூன்று மாதம் ஓய்வு.

"மூணு மாசம் கழிச்சுப் போனா என் பன்னெண்டு வீட்டையும் வேற யாருக்காவது குடுத்திருப்பாங்க, எஸ்கோ" என்றாள். அவள் அழுகிற ரகம் இல்லை. அன்று கண் கலங்கியதைப் பார்த்தேன்.

பூட்ஸ் கடைக்குப் போனோம். அங்கே வெறுங்கால் பூட்ஸ் என்று ஒன்றைக் காட்டினார்கள். குதிகால் உயரம் கிடையாது, முனை வாத்துக்கால் போல அகலம். கடைப்பெண் பிஹ்லா அதைத் துணி மாதிரி சுருட்டிக் காட்டினாள்.

"வெறுங்கால்னா சும்மாவே நடக்கலாமேம்மா. அதுக்கு எதுக்குக் காசு?" என்றேன்.

"நீங்க மொதல்ல வெளியே பனியில அப்படி நடந்து காட்டுங்க. அப்புறம் பேசலாம்" என்றாள் பிஹ்லா. ஒரு மாதத்தில் அன்றுதான் ஹில்க்கா முதல்முறையாகச் சிரித்தாள்.

அவள் அளவு கடையில் இல்லை. பாதத்தை அட்டையில் வரைந்து அளவு அனுப்பினால் வரவழைப்பதாகச் சொன்னார்கள். ஹில்க்கா வரைந்து வைத்துவிட்டு வேலைக்கு ஓடினாள். அளந்து எழுதி அனுப்பியது நான்.

மூன்று வாரம் கழித்துப் பெட்டி வந்தது. உள்ளே இருந்தது பூட்ஸா, மீன்பிடிப் படகா என்று எனக்கே சந்தேகம். ஹில்க்காவுக்கு முப்பத்தெட்டு. வந்தது நாற்பத்தொன்று.

"நீ எவ்வளவுன்னு எழுதின?"

"நீ வரைஞ்சதை அளந்தேன். கம்பளிக் காலுறைக்குன்னு ஒரு சென்டிமீட்டர் கூட்டினேன். எல்லாரும் கூட்டுறதுதானே?"

"அட மனுஷா! நான் கம்பளிக் காலுறை போட்டுக்கிட்டுதானே வரைஞ்சேன்!"

"சொல்லியிருக்கணும்ல?"

"விரலே தெரியாம கரடிப் பாதம் மாதிரி இருந்துச்சே, அப்பக்கூடவா தெரியல?"

"உன் பாதம் அப்படித்தான்னு நெனச்சேன்."

முப்பத்தோரு வருஷ இல்லறத்தில் நான் சொல்லியிருக்கக் கூடாத வாக்கியங்களில் அதற்கே முதலிடம். கடைக்குப் போன் போட்டோம். பிஹ்லா குரலைத் தாழ்த்தினாள். "நானும் கம்பளிக் காலுறைக்குன்னு ஒரு நம்பர் ஏத்திட்டேங்க." சின்ன அளவு இனி ஜனவரியில்தான் வருமாம்.

வீட்டில் பேச்சு நின்றது. எங்கள் ஊர்க்காரர்கள் சாதாரணமாகவே பேசுவது குறைவு என்பதால் அது கோபம் என்று புரியவே எனக்கு ஒரு நாள் பிடித்தது. இருபது வருஷமாக அவள் விடாமல் பார்த்துவந்த வேலையை என் ஒரு சென்டிமீட்டர் பறித்துவிடும் போலிருந்தது. அலமாரியைக் கிண்டி, என் அக்கா பின்னித் தந்த தடித்த காலுறைகளில் இரண்டு ஜோடியை எடுத்துப் படகுக்குப் பக்கத்தில் வைத்தேன். மன்னிப்புக் கேட்பதில் என் திறமை அவ்வளவுதான்.

மறுநாள் வழுக்குப் பனி. பழைய பூட்ஸில் கால் நுழையவே மறுத்ததால், இரண்டு ஜோடியையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் படகில் இறங்கிக் கிளம்பினாள். என்னைப் பார்க்கவில்லை. அதற்கடுத்த நாளும் அதையே போட்டாள். மூன்றாம் நாள் தானாகவே பேசினாள்.

"காலையில ஒரு தடவை நாடா கட்டுறேன். அப்புறம் வாசல்ல நின்ன மாதிரியே காலை உருவிடலாம். குனியவே வேண்டாம். விரலும் உள்ளே விரிஞ்சு படுக்குது. நான் மருந்து குடுக்கப் போற கேபிள் தெரு வீட்டுக்காரர், 'என்னம்மா, உன் பூட்ஸ் வெளியே ஆள் மாதிரி நிக்குது, அவரையும் உள்ளே கூப்பிடணுமா'ன்னு கேக்குறாரு."

டிசம்பர் ஐந்தாம் தேதி நான் ஜன்னலோரம் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அன்று அவள் வேலை முடித்து டாக்டரையும் பார்த்துவிட்டு வருவதாக இருந்தது. நாலரை ஆயிற்று. ஐந்தாயிற்று. வாசலில் ஒரு சத்தமும் இல்லை. ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்களோ, எங்காவது உட்கார்ந்து அழுகிறாளோ என்று போனைக் கையில் எடுத்தேன்.

"காப்பி எங்கே?"

திரும்பினால் சமையலறை நடுவில் நிற்கிறாள், காலுறையோடு.

"நீ எப்ப வந்த?"

"கால் மணி நேரம் ஆச்சு. துணி மாத்திட்டு வரேன். ஆபரேஷன் வேண்டாமாம், வசந்தத்துல பாக்கலாம்னுட்டாரு. காப்பி ஏன் போடல?"

"நீ கத்தினாதானே போடுவேன்? சத்தமே வரலையே."

அவள் தன் பாதங்களைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். பிறகு எழுந்து போய்க் காப்பிக்குத் தண்ணீர் வைத்தேன்.

"இனிமே கடிகாரத்தைப் பாத்துப் போடு" என்றாள்.