தபித்தாள் சரி என்று எழுதிய தகடுகள்

ஜெகதளாவில் தேயிலைத் தோட்டத்தை ஒட்டியிருக்கும் அந்தப் பட்டறையில் அலுமினியத் தகடுகள் செய்கிறார்கள். போர் விமானத்தின் மூக்குக்குள், இலக்கைக் குறிவைக்கும் ரேடாருக்கு ஆன்டெனாவாகப் பொருத்தும் வட்டத் தகடுகள். ஒரு பெரிய சல்லடை அளவு இருக்கும். ஒவ்வொன்றிலும் அறுநூறுக்கு மேல் மெல்லிய பிளவுகள். ரேடார் அலை அவற்றின் வழியாகத்தான் வெளியே போகிறது. இயந்திரம் வெட்டி முடித்ததும் ஒவ்வொரு பிளவையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, பிசிறு இல்லை, நீளம் சரி என்று கையெழுத்துப் போடுவது தபித்தாளின் வேலை. பதினான்கு வருடமாக அதைத்தான் செய்துவந்தாள். அவள் திருப்பியனுப்பிய தகடுகளைப் பற்றி இயந்திரக்காரர்கள் முணுமுணுப்பார்களே தவிர, அவள் சொன்னது தப்பு என்று ஒருவரும் சொன்னதில்லை.

போன ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை, பெங்களூரிலிருந்து தாரிணி வந்தாள். ஆன்டெனாக்களைச் சோதிக்கும் எஞ்சினியர், கோயம்புத்தூர்ப் பெண். கையோடு ஒரு தகட்டைக் கொண்டுவந்திருந்தாள்.

“இதுல அலை நேரா போகாம பக்கத்துல சிதறுதுங்க. முன்னால ஒண்ணுமே இருக்காது. பக்கத்துல இருக்கற மலையைக் கொண்டுபோய் எதிரி விமானம்னு காட்டும்” என்றாள்.

பட்டறை முதலாளி ஜஸ்டஸ் தபித்தாளைப் பார்த்தார்.

“ஒண்ணு விடாம பாத்தேனுங்க சார்” என்றாள் தபித்தாள்.

தாரிணி தகட்டில் ஒரு வரிசையைப் பென்சிலால் குறித்து, மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்தாள். தபித்தாள் குனிந்து நிதானமாகப் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்குதுங்க மேடம்.”

தாரிணி பார்த்தாள். பிறகு ஜஸ்டஸ் பார்த்தார். பிளவுகளின் விளிம்பு ரம்பப் பல்லைப் போல் இருந்தது. பிடிவாதம் பிடிக்கிறாள் என்று நினைத்து ஜஸ்டஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தாரிணி கையமர்த்தினாள்.

“அக்கா, எந்தக் கண்ணுல பாக்கறீங்க?”

“வலதுலதானுங்க. எப்பவும் அப்படித்தான்.”

“இடது கண்ணுல பாருங்க.”

தபித்தாள் பார்த்தாள். பல் பல்லாகப் பிசிறு. திரும்ப வலது கண்ணை வைத்தாள். பிசிறு இல்லை, பிளவுகூட நடுவில் எங்கோ கரைந்து போயிருந்தது. நிமிர்ந்து, இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு ஜஸ்டஸைப் பார்த்தாள். சட்டைக் காலர் தெரிந்தது, இரண்டு காதும் தெரிந்தன.

“சார், உங்க மூஞ்சி இல்லீங்க” என்றாள்.

அவளுக்கு எட்டு வருடமாகச் சர்க்கரை. மாத்திரை தவறியதில்லை, கண்ணைக் காட்ட வேண்டும் என்று தோன்றியதில்லை. இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது எல்லாம் தெரிந்ததே.

பிப்ரவரியில் ஒருநாள் மைக்ராஸ்கோப்புக்குள் அளவுக்காக இருக்கும் குறுக்குக் கோடு நடுவில் வளைந்து தெரிந்தது அவள் நினைவுக்கு வந்தது. லென்ஸில் தூசி என்று துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்திருந்தாள். பதிவேட்டைப் புரட்டினாள். அதற்குப் பிறகு ஒன்பது தகடுகள்.

“இது ஒண்ணை மாத்திக் குடுத்துரலாம். மத்ததுல தப்பு இருந்தா அங்கயே டெஸ்ட்ல மாட்டியிருக்கும்” என்றார் ஜஸ்டஸ்.

தாரிணி தயங்கினாள். “எல்லாத்தையும் நாங்க டெஸ்ட் பண்றதில்லீங்க சார். அக்கா கையெழுத்து இருந்தா அப்படியே பொருத்திருவோம்.”

தபித்தாள் ஒரு தாள் எடுத்து, பிப்ரவரி முதல் தான் சரி என்று எழுதிய எதையும் நம்ப வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஜஸ்டஸ் அதை வாங்கவில்லை.

“அக்கா, பட்டறை பேரே கெட்டுப்போகும். உங்க வேலையும் போயிரும்.”

“குறி தப்புனா குண்டு யாரு ஊட்டு மேல போய் விழுகுமுங்க சார்?” என்று கேட்டுவிட்டு, தாளைத் தாரிணியிடம் கொடுத்தாள்.

ஒன்பதையும் சோதித்தார்கள். தாரிணி கொண்டுவந்ததையும் சேர்த்து மூன்று கெட்டவை. அவற்றில் ஒன்று விமானத்தில் ஏறி, பயிற்சிக்காக இரண்டு முறை பறந்தும் இருந்தது. ஆபத்து ஒன்றும் நேரவில்லை. அந்தச் செய்தி வந்த நாளில் தபித்தாள் சாப்பிடவில்லை.

மகள் ஜெபிஷா அவளைக் கோயம்புத்தூருக்கு அழைத்துப் போனாள். வலது கண்ணின் நடுப்பார்வை திரும்பாது என்றார் டாக்டர். இடது கண்ணிலும் சர்க்கரையால் இரத்தக்குழாய்க் கசிவு தொடங்கியிருந்ததை லேசர் வைத்து நிறுத்தினார். ஜஸ்டஸ் ஒரு மாதம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் அவராகவே கூப்பிட்டு ஸ்டோரில் வேலை கொடுத்தார். இப்போது ஒவ்வொரு தகட்டையும் இருவர் பார்க்கிறார்கள்.

“மூணுதானேம்மா. ஆறு நல்லாத்தானே இருந்துச்சு” என்று ஜெபிஷா ஒருநாள் ஆறுதல் சொன்னாள்.

“அந்த ஆறையும் நான் பாக்காமத்தானே சரின்னு எழுதியிருக்கேன்” என்றாள் தபித்தாள்.