இழுத்தால் மறையும் பெயர்

பிள்ளையார்பாளையத்தில் நெசவாளி கைலாசத்தின் கோர்வையைக் குறை சொன்னவன் கிடையாது. சேலையின் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டும் சேருமிடத்தை நகத்தால் நெருடிப் பார்த்தாலும் தட்டாது. முப்பது வருஷமாகத் தறிக்குழியில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்த மனிதர். அப்பேர்ப்பட்டவர் பெயரைத்தான் பாவிகள், ‘விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று ஏமாற்றியவர்கள்’ பட்டியலில் போட்டார்கள்.

பட்டியல் முதலாளிகள் சங்கத்தின் இணையப் பக்கத்தில் இருந்தது. அதைப் பார்க்காமல் எந்த முதலாளியும் பாவு நூல் தரமாட்டார். பாவு இல்லாமல் தறி ஓடாது. கைத்தறிதானா என்று சோதனை நடந்த இடத்தில், வேறொருவர் சேலையில் இவர் பெயர்ச் சீட்டைக் கட்டித் தொலைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் தப்பு தெரிந்து பெயரை எடுத்துவிட்டார்கள். அதற்குள் முதலாளிகள் எல்லோரும் திறந்து பார்த்தாயிற்று. இரண்டு வாரம் கழித்துக் கைலாசம் புதுப் பாவு கேட்டு ஆறு வாசல் ஏறினார். ஆறு பேரும் போனை முகத்துக்கு நேரே நீட்டினார்கள். அதில் இன்னும் அவர் பெயர் இருந்தது!

சங்கத்துக்கு ஓடினார். பக்கத்தைக் கவனிக்கும் ஜீவிதா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“என் தப்புதாண்ணா. பக்கத்தோட போனுக்கு ஒரு குறிப்பும் போவும், ஹெட்டருன்னு பேரு. சீக்கிரம் தொறக்கட்டும்னு, ‘ஒரு வருஷம் இதையே வச்சிக்கோ, திரும்ப வந்து கேக்காத’ன்னு அதுல போட்டிருந்தேன். இப்ப ‘சேத்து வைக்காத’ன்னு மாத்திட்டேன். ஆனா பழசை வச்சிக்கினு இருக்கற போன் இங்க வந்து கேட்டாதானே அதுக்குத் தெரியும்?”

“அதுவரிக்கும் நானும் எம் பொண்டாட்டி பொன்னியும் மண்ணைத் துன்றதாமா?”

“பக்கத்தை விரலால கீழ இழுத்து வுட்டா புதுசு வந்துடும்ணா. இழுக்கச் சொல்லுங்க.”

சங்கச் செயலாளரிடம், பெயர் தப்பாக விழுந்தது என்று ஒரு கடிதம் கேட்டார். “பேரைத்தான் எடுத்தாச்சே, லெட்டரு வேற என்னாத்துக்கு? சங்கத்து மானத்தை வாங்காதய்யா” என்று அந்த ஆள் விரட்டினார். மானம் இவர்களுக்கு மட்டும்தான் இருக்கிறது போலும்!

மிச்சமிருந்தவர் பெரிய முதலாளி கோதண்டபாணி. அவர் கொடுத்தால் மற்றவர்களும் கொடுப்பார்கள். வீட்டில் அடுப்பெரிந்து இரண்டு நாளாகியிருந்தது. கைலாசம் கைகூப்பி நின்றார்.

“மொதலாளி, அந்தப் பக்கத்தை ஒருதபா கீழ இழுத்து வுடுங்க. என் பேரு இருக்காது.”

“எனக்கு அதெல்லாம் வராதுய்யா” என்று கோதண்டபாணி போனை நீட்டினார். கைலாசம் விரலால் இழுத்துவிட்டார். வட்டம் ஒன்று சுழன்றது. பெயர் போய்விட்டது! மனிதருக்குக் கண் நிறைந்துவிட்டது.

“பாத்தீங்களா மொதலாளி!”

கோதண்டபாணி போனைப் பிடுங்கிப் பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். முகம் கறுத்தது.

“என் கண்ணு முன்னாடியே என் போன்ல பேரை அழிக்கிறியேடா! மிஷின் சேலையைக் கைத்தறியாக்க உனக்குச் சொல்லியா தரணும்?”

“ஐயோ, அது நான் அழிக்கலைங்க. சங்கத்து ஜீவிதாவையே கேளுங்க, அதுதான் சொல்லிக் குடுத்துது.”

“ஓஹோ! உள்ள ஆளு வேற வச்சிருக்கியா?”

கைலாசம் படியிறங்குவதற்குள் அவர் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் பேசி அனுப்பிவிட்டார்: “கைலாசம் வந்தா போனைக் கையில குடுக்காதீங்கப்பா. பேரை அழிச்சிட்டு போயிடறான். சங்கத்து ஜீவிதாவும் இதுக்கு உடந்தை.”

அன்று சாயங்காலமே ஜீவிதாவை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அதற்கப்புறம் கைலாசம் ஏறிய வாசல்களில் முதலாளிகள் போனை இடுப்பில் செருகிக்கொண்டுதான் கதவைத் திறந்தார்கள்.