சேங்ஷன் என்றால் தடையா?

ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றின் பிள்ளைக் காம்பராவுக்கு நான் பொறுப்பாளர்; எல்லோருக்கும் டீச்சர். பால் வெட்டப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை என்னிடம் விட்டுப்போவார்கள். என் மகளும் அங்கேதான் இருக்கிறாள். இந்த வேலைக்குப் புதிதாக வரும் தங்கைகளுக்கு ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மரத்தின் பட்டையை வெட்டிவிட்டு, சிரட்டையில் பால் வடியும் இடைவெளியில் வந்து குழந்தைக்குப் பாலூட்டிப் போக நேரம் கேட்டிருந்தார்கள் தாய்மார். ஆபீஸிலிருந்து என் போனுக்குப் பதில் ஆங்கிலத்தில் வந்தது: ‘ஃபீடிங் டைம் சேங்ஷன்ட் ஃப்ரம் மண்டே.’

பாலூட்டும் நேரம் புரிந்தது, திங்கட்கிழமை புரிந்தது. நடுவில் நின்ற சேங்ஷன்தான் இடித்தது. செய்திகளில் நான் கேட்ட சேங்ஷன் எல்லாம் நாடுகள் மேல் போடும் தடை. மகனை எடுத்துப்போக வந்த செல்வி அக்காவும் தன் போனில் தேடினார்.

“தடைன்னுதான் போட்டிருக்கு! மரத்துப் பாலுக்கு நேரமிருக்கு, புள்ள பாலுக்கு இல்லையா? நாளைக்கு ஒருத்தியும் வெட்டுக்குப் போகக் கூடாது!”

மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய சம்பளம் போய்விடும்.

“பொறுங்கக்கா. இப்பவும் நேரம் குடுக்கிறதில்லையே. இல்லாததுக்கு எதுக்கு திங்கக்கெழமையில இருந்து தடை?”

“ஒங்களுக்கு எப்பவும் சந்தேகம்தான் டீச்சர். பூட்டின கதவையே நாலு தரம் இழுத்துப் பாக்கிற ஆள்.”

உண்மைதான். டீச்சருக்கே இங்கிலீஷ் தெரியாதா என்று நினைப்பார்களோ எனத் தயங்கித் தயங்கி, ஆபீஸ் பெரிய கிளாக்கருக்குப் போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

“மாத்தயா, சேங்ஷன்ட்னா?”

“அனுமத கரலா, மிஸ்!” என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார்.

“அனுமதியா?” என்றார் செல்வி அக்கா. யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

கேட்டதை மேலிடம் சேங்ஷன் செய்தால் அது அனுமதி. ஒருவர் மேல் சேங்ஷன் போட்டால் அது தடை. இரண்டும் ஒரே சொல்தான். முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அப்போதும் சந்தேகமாக இருந்தால் வெட்கப்படாமல் கேளுங்கள்.

திங்கட்கிழமை செல்வி அக்காதான் முதலில் வந்தார். கையைக் கழுவிவிட்டு மகனை மடியில் போட்டுக்கொண்டார். நேரம் முடிந்தும் எழும்பவில்லை.

“அக்கா, டைம் ஓவர்.”

“எனக்கு இங்கிலீஷ் தெரியாது டீச்சர்,” என்றார் தலை நிமிராமல்.