கல்லுக்கு என்ன வயசு?

பச்சை கவுனைப் போட்டுக்கொண்டு, காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் என் மனைவி ஆபரேஷனுக்குக் காத்திருந்தபோதுதான் இன்சூரன்ஸ் கம்பெனியின் பதில் வந்தது. அனுமதி இல்லை.

அவளுக்குப் பித்தப்பையில் கற்கள். நான் கப்பலூரில் ஒரு பைப் கம்பெனியில் சூப்பர்வைசர். அவள் மிஷன் பள்ளியில் அறிவியல் டீச்சர். வருடம் தவறாமல் பிரீமியம் கட்டியிருந்தோம். அன்று காலையிலிருந்து கம்பெனி ஒவ்வொரு பேப்பராகக் கேட்டது. நாங்களும் அனுப்பிக்கொண்டே இருந்தோம். சாயங்காலம் காரணம் சொன்னார்கள்: இம்புட்டுப் பெரிய கல் வளர வருடக்கணக்கில் ஆகும், பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த நோயை மறைத்துவிட்டீர்கள்.

"எனக்கே தெரியாத கல்ல நான் எப்படிங்க மறைப்பேன்?" என்றாள்.

கம்பெனிக்குப் போன் போட்டேன். நெடுநேரம் பாட்டுக் கேட்டபின் ஒரு பெண், "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று இனிமையாகச் சொல்லி வைத்துவிட்டார். இனியும் தள்ளிப்போடக் கூடாது என்றார் டாக்டர். என் மனைவி வளையல்களைக் கழற்றி என் கையில் வைத்தாள்.

"இத அடகு வச்சுட்டு வாங்க. மொதல்ல கல்லு வெளிய வரட்டும். அப்புறம் அவங்கள நான் பாத்துக்கிறேன்."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எடுத்த கற்களை ஒரு சின்ன பாட்டிலில் போட்டுக் கொடுத்தார்கள். பெரிது கொண்டைக்கடலை அளவு. மற்றவை மிளகு மாதிரி. வகுப்பில் காட்டத்தான் கேட்டு வாங்குகிறாள் என்று நினைத்தேன்.

உடம்பு தேறியதும் கம்பெனிக்கு எழுதினாள். பழைய பதிலையே திருப்பி அனுப்பினார்கள். அடுத்து இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுத்தாள். அதற்கு வக்கீலும் வேண்டாம், கட்டணமும் கிடையாது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

"அம்புட்டுப் பெரிய கம்பெனியோட மோத முடியுமா?" என்றேன்.

"நான் எங்க மோதப் போறேன்? கேள்விதான் கேக்கப் போறேன்."

வீடியோவில் விசாரணை. பள்ளி ஆண்டுவிழாவுக்குக் கட்டும் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டில் மிக்ஸியை நிறுத்தச் சொல்லிவிட்டு நான் கதவோரம் நின்றேன். திரையில் குறைதீர்ப்பாளரும் கம்பெனி டாக்டரும் இருந்தார்கள். இது நிச்சயமாகப் பழைய கல்தான் என்றார் டாக்டர்.

"நீங்க கல்லப் பாத்தீங்களா டாக்டர்?"

"இல்லம்மா. ரிப்போர்ட் பாத்தேன்."

பாட்டிலை எடுத்துக் கேமரா முன்னால் ஒரு குலுக்குக் குலுக்கினாள். "இந்தா இருக்கு. இதுல எது பாலிசிக்கு முந்தி வந்தது, எது பிந்தி வந்ததுன்னு சொல்லுங்க."

டாக்டர் தன்னை அறியாமல் திரைப்பக்கம் குனிந்தார்.

"பழசாவே இருக்கட்டும் சார். எனக்குத் தெரிஞ்சிருந்தாத்தான மறைக்க முடியும்? இதுக்கு முந்தி நான் எங்கயாச்சும் வைத்தியம் பாத்ததா ஒரு சீட்டுக் காட்டச் சொல்லுங்க."

குறைதீர்ப்பாளரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அம்மா, பாட்டிலக் கீழ வைங்க. புரிஞ்சிருச்சு," என்றவர், கம்பெனிப் பக்கம் ஆதாரம் கேட்டார். அவர்களிடம் எதுவும் இல்லை.

ஆபரேஷன் செலவை வட்டியோடு கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. பணமும் வந்தது. வளையல்களை மீட்டு அவள் கையில் நானே போட்டுவிட்டேன். அன்று பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து ஜிகர்தண்டா வாங்கி வந்தேன்.

செய்தி எங்கள் ஆனையூரைத் தாண்டிப் பரவிவிட்டது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு ஹாலில் இன்சூரன்ஸ் பணம் கிடைக்காதவர்களின் கூட்டம். டீ போடுவது என் பொறுப்பு. போன வாரம் ஒத்தக்கடையிலிருந்து ஒருவர் மகள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். கண்புரை.

"கண்ணு தெரியலைன்னு கம்பெனிக்கு எழுதுனேன் டீச்சரம்மா. இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துப் பாருங்கன்னு பதில் போட்டிருக்காங்க."

"எதை வச்சுண்ணே பாக்குறது?" என்று அவள் கேட்டதும் முதலில் சிரித்தவர் அவர்தான்.