இரண்டு அடி டோலக்

என் மச்சான் வாசிக்காததை அவன் வாசித்ததாக ஊரை நம்பவைத்தேன். முதலில் நம்பியவன் அவனேதான். அதனால் அவன் பட்ட அவமானத்துக்கு என்னைத் தவிர வேறு யாரும் காரணமில்லை.

என் மனைவியின் தம்பி அவன். நெட்டப்பாக்கத்தில் கரும்பு பயிரிடுகிறான். ஊர் பஜனைக் குழுவில் பல வருடம் டோலக் வாசித்தான். வாதம் வந்து இடக்கை இழுத்துக்கொண்டதும் அவன் இடம் இன்னொருவருக்குப் போயிற்று. கை ஓரளவு திரும்பியபின் அவனுக்கு இருந்த ஒரே ஆசை மறுபடி அந்தக் குழுவோடு நடப்பது.

நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். குருவிநத்தத்தில் வீடு. வயதான காலத்தில் சொந்தமாக மெட்டுக் கட்டி, ஆர்மோனியத்தில் வாசித்து, கணினியில் பதிவு செய்யப் பழகினேன். அதற்கான மென்பொருளை யார் யாரோ சேர்ந்து எழுதி, எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறார்கள். அதை வைத்து வீட்டில் செய்த பாட்டுகளைப் பகிர்ந்துகொள்ள இணையத்தில் ஒரு குழுவும் உண்டு. அங்கே யாராவது ஒரு நல்ல வார்த்தை எழுதினால் அன்று முழுக்க என் கால் தரையில் பாவாது.

ஒரு பாட்டுக்கு மச்சானை வாசிக்க அழைத்தேன். மோட்டார் கொட்டகைச் சத்தம் வராமலிருக்கப் படுக்கையறை ஜன்னல்களில் ஜமுக்காளம் கட்டியிருந்தேன்.

"இன்னா மாமா, பிரசவத்துக்கா மறைப்பு கட்டி வச்சிகிறீங்க?" என்றான்.

"வாயை மூடிக்கிட்டு வாசிடா. அதுவும் பதிவாகுது."

வாசித்தான். வியர்த்துக் கொட்டியது. திரையில் ஒவ்வொரு அடியும் முள்ளாக எழுந்து நிற்கும். இடக்கை அடிகள் தாளம் காட்டும் கோடுகளைத் தாண்டித் தாண்டி விழுந்திருந்தன. இன்னொரு முறை வாசிக்கச் சொல்லியிருக்கலாம். அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் அந்த இணையக் குழுவில் என் பாட்டு நொண்டக் கூடாது என்று நினைத்தேன். அவன் போனதும், அவன் வாசிப்பிலிருந்தே இடக்கைக்கு ஒன்று, வலக்கைக்கு ஒன்று என்று நல்ல அடிகள் இரண்டை வெட்டி எடுத்து, பாட்டு முழுக்கக் கோடுகளின்மேல் பிசகாமல் ஒட்டினேன். டோலக் வாசித்தது அவன் என்று கீழே எழுதிப் பகிர்ந்தேன். அவனுக்கும் அனுப்பினேன்.

உடனே போன் செய்தான். "மாமா, இது நானா?"

"நீதான் மச்சான்."

அந்தப் பாட்டை அவன் கரும்பு வெட்ட வந்தவர்களுக்குப் போட்டுக் காட்டினான். டீக்கடையில் காட்டினான். பஜனைக் குழுத் தலைவரிடமும் காட்டினான். மார்கழிக்கு வரச் சொல்லிவிட்டார் அவர்.

நான் வெட்டி ஒட்டியதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் என் மனைவி. "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?" என்றாள்.

"சந்தோஷமா இருக்கான். கொஞ்ச நாள் போகட்டும்" என்றேன். அதற்குள் கை இன்னும் தேறிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மார்கழி முதல் நாள் விடியலில் நானும் போயிருந்தேன். முதல் பாட்டு மெதுவானது, ஒப்பேற்றிவிட்டான். அடுத்தது வேகமெடுத்ததும் இடக்கை பின்தங்கியது. ஜால்ரா போட்டவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தலைவர் நல்லவர்தான். "கொஞ்சம் மூச்சு வாங்கிக்கப்பா" என்று சொல்லி, அவன் கழுத்திலிருந்து டோலக்கைக் கழற்றி, அவன் இடத்துக்கு வந்திருந்தவரிடம் கொடுத்தார். மீதித் தெருவெல்லாம் அவன் கடைசி ஆளாக வெறுங்கையோடு நடந்தான்.

திரும்பும்போது கேட்டான். "போன்ல நல்லாத்தானே கேட்டுச்சி மாமா. இன்னிக்கி இன்னா ஆச்சி இந்தக் கைக்கு?"

அவன் தன் கையைக் குற்றம் சொன்னதை என்னால் தாங்க முடியவில்லை. நடுத்தெருவில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவன் இடக்கையை விரித்துப் பார்த்தான். பிறகு, "ரெண்டு அடிய வச்சி என்னிய ஊர்வலம் வுட்டுட்டீங்களே மாமா" என்றான்.

அந்தப் பாட்டை இணையத்திலிருந்து எடுத்துவிட்டேன். மூலப்பதிவு அழியாமல் இருந்தது. அவன் வாசித்ததை வாசித்தபடியே சேர்த்து, முன்பு நான் செய்ததையும் எழுதி மறுபடி பகிர்ந்தேன். தலைவர் வீட்டுக்குப் போய், தப்பு என்னுடையது என்றேன். "அத மொதல்லயே சொல்லியிருந்தா மெதுவான பாட்டா எடுத்திருப்பேனே" என்றார்.

பொங்கலுக்கு அவன் அக்காவுக்குக் கரும்பு மட்டும் வந்தது, அவன் வரவில்லை. மாசி பிறந்தபின் ஒரு நாள் டோலக்கோடு வந்து நின்றான்.

"அக்கா, காபி போடு" என்றவன் என் பக்கம் திரும்பினான். "நொண்டுனா நான் நொண்டுனதாவே இருக்கட்டும். வெட்டக் கூடாது."

இப்போது அடிக்கடி வருகிறான். பஜனைக்கு இன்னும் கூப்பிடவில்லை. பதிவு முடிந்ததும் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு முறையும் கேட்கிறான்.

"இது நாந்தானே மாமா?"

ஆர்மோனியப் பதிவை நிறுத்தி, அவன் டோலக்கை மட்டும் தனியாக ஓடவிடுகிறேன். அது முடியும்வரை அவன் கண் மவுஸின் மேலிருக்கும் என் கையை விட்டு அகலாது.